இரண்டாவது வாய்

கறுப்பில் பல் தடமே இல்லை. மஞ்சளில்தான் இருந்தது.

அவள் இரண்டையும் சன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முக்குளிக்கிறவர்கள் தண்ணீருக்கடியில் மூச்சுவிட வைத்திருக்கும் கருவி, ரெகுலேட்டர். முதுகில் கட்டும் சிலிண்டரின் தலையில் மாட்டுவதற்கு ஒரு பித்தளை உருண்டை, அதிலிருந்து கிளம்பும் இரண்டு குழாய்கள், ஒவ்வொரு குழாயின் நுனியிலும் வாயில் கவ்விக்கொள்ள ரப்பர் மவுத்பீஸ். கறுப்பு தனக்கு. மஞ்சள் அடுத்தவருக்கு. கூட வருகிறவருக்குக் காற்று தீர்ந்துபோனால் நீட்டுவதற்காக வலது விலாவோரம் தொங்கிக்கொண்டிருக்கும் உபரி அது. வருஷக்கணக்கில் முக்குளிக்கிறவர்கள்கூட அதை ஒருமுறையும் யாருக்கும் நீட்டியிருக்க மாட்டார்கள். பழைய செட் எதை எடுத்தாலும் கறுப்பு தேய்ந்திருக்கும், மஞ்சள் புதுக்கருக்கு அழியாமல் இருக்கும்.

இங்கே எல்லாம் தலைகீழ். கறுப்பின் ரப்பர் நேற்றுத்தான் பெட்டியிலிருந்து பிரித்ததுபோலப் பளபளத்தது. மஞ்சளின் ரப்பரில் மேலும் கீழும் பல் பதிந்து, பதிந்த இடத்திலேயே மறுபடி பதிந்து, ஓரத்தில் ஒரு துண்டு பிய்ந்தே போயிருந்தது.

“இது என்ன சார்?”

அதை விற்கிற நீச்சல் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார் என்று சொல்ல முடியாது, அதற்கு ஒரு சாண் தள்ளிப் பார்த்தார். பருத்த, மரியாதையான மனிதர். கதவைத் திறந்ததிலிருந்து ஒரே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நாய் கடிச்சிருக்கும்மா.”

நாய் இருக்கிற வீட்டில் சோபாவில் முடி இருக்கும், கதவின் அடிப்பாகத்தில் நகக்கீறல் இருக்கும், உள்ளே நுழையும்போதே வாடை சொல்லிவிடும். இந்த வீட்டில் பினாயில் வாடை மட்டும்தான் இருந்தது, அதுவும் இப்போதுதான் துடைத்ததுபோல் கண்ணைக் கரிக்கும் அளவுக்கு.

“என்ன நாய்?”

“சின்ன நாய்தான். இப்ப இல்ல.”

பொய் என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. கோபம்கூட வரவில்லை. இந்த வாரம் முழுக்க அவள் கேட்டது பொய்யைத்தான். துறைமுகத்தில் கப்பலடியும் தூணடியும் பார்க்கும் கம்பெனியில் ஒரே ஒரு இடம் காலி, திங்கட்கிழமை தேர்வு. சிலிண்டர் அவர்கள் தருவார்கள், மூச்சுக் கருவி சொந்தமாக இருக்க வேண்டும். வீட்டில் முதல் பட்டதாரி அவள். பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள், வேலைதான் எங்கேயும் மாட்டவில்லை. கடலுயிர்ப் படிப்பு படித்தவள் ஜெராக்ஸ் கடையில் நின்றாள். கடல் எல்லோருக்கும் பொதுதான், அதில் இறங்குகிற சாமான் மட்டும் காசுள்ளவனுக்கு. புதுசு நினைத்துப் பார்க்கவே முடியாது என்பதால் பழசு தேடி அலைந்தாள். முதல் ஆள் காட்டிய செட்டில் வடிகட்டி முழுக்கப் பச்சையாய்க் களிம்பு. உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்து பித்தளையைத் தின்றிருக்கிறது, கேட்டால் “அது டிசைன்” என்றான். இரண்டாவது ஆள் வைத்திருந்தது உதிரிப்பாகமே கிடைக்காத காலத்துச் சாமான். அதைச் சொன்னதும், “வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் வந்து பாக்கட்டுமே” என்றான். அவனிடம் அவள் சொன்ன பதிலை எழுத முடியாது.

இந்த செட்டில் களிம்பு இல்லை. குழாய்களை மடக்கிப் பார்த்தாள், வெடிப்பு இல்லை. வடிகட்டி வெள்ளிபோல மின்னியது. விலை மட்டும் சந்தேகப்படும்படி குறைவு.

“மஞ்சள நீங்களே வச்சுக்கங்க சார். அதுக்கு உண்டானதக் கழிச்சுக்கலாம்.”

வெறுமனே பேரம் பேசத்தான் சொன்னாள். மாஸ்டரின் கைக்குட்டை நின்றது.

“இல்லம்மா. ரெண்டும் சேர்ந்துதான்.”

“எனக்கு ஒண்ணு போதும். தனியாத்தான் எறங்கப்போறேன்.”

“இன்னும் குறைச்சுத் தர்றேன். ரெண்டும் போகணும்.”

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், பாத்திரச் சத்தத்துக்கு நடுவே: “என்னங்க, மஞ்சளும் போகுதுல்ல?”

“போகுது, போகுது!”

மனுஷன் பயப்படுகிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. எதற்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயப்படுகிறவனிடம் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம் என்றுதான் தோன்றியது, குறைத்தாள். கடைசியில் அவர் சொன்ன விலையில் பாதிக்கு வந்தது. மாஸ்டர் பழைய துண்டு ஒன்றால் மஞ்சளைத் தொடாமல் சுற்றி, முடிச்சுப்போட்டு, வாசல்வரை வந்து கொடுத்தார். அவள் கடைசிப்படி இறங்குவதற்குள் மேலே அந்த வீட்டின் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது.

*

அவளும் தங்கையும் இருந்தது ஒற்றை அறையும் ஒரு குளியலறையும் உள்ள மாடிப் போர்ஷன். தங்கை பல் ஆஸ்பத்திரியில் வேலை, டாக்டருக்குப் பக்கத்தில் விளக்குப் பிடிக்கிறவள். வந்ததும் வராததுமாக மேசையில் கிடந்ததைப் பார்த்து, “என்னக்கா இது, கிட்னி பெயிலானவங்களுக்கு மாட்டுற மாதிரி இருக்கு?” என்றாள்.

“தொடாத. கையக் கழுவிட்டு வா.”

“ஆமா, நீ வாங்கின பழைய இரும்புக்கு நான் கை கழுவணும்.”

சொல்லிக்கொண்டே மஞ்சளின் ரப்பரை விரலால் அகட்டி, விளக்கில் காட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் விளையாட்டு போய்விட்டது. வேலையில் இருக்கும்போது இருக்கும் முகம் வந்தது.

“நாய்னு எவன் சொன்னான்? இது மனுஷ வாய்தான். பெரிய ஆளு. கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால தள்ளி இருக்கும். வலப்பக்கம் ஒரு கடவாப்பல் கிடையாது.”

“பழக்கத்துல கடிச்சிருப்பான்.”

“பழக்கத்துல கடிச்சா ஒரே சீரா தேயும்க்கா. மரத்துப்போற ஊசி சரியாப் புடிக்காதப்ப பல்லப் புடுங்குனா, வாயில இருக்கற பஞ்ச ஒரு கடி கடிப்பாங்க பாரு. அந்தக் கடி இது.”

அவள் கத்திரியை எடுத்தாள். ரப்பரைக் கட்டியிருந்த பட்டையை வெட்டி, பழைய மவுத்பீஸைக் கழற்றிக் குப்பையில் போட்டு, வாங்கிவைத்திருந்த புதியதை மாட்டி இறுக்கினாள். முடிந்தது கதை. எவன் பல்லாக இருந்தால் என்ன, அவன் பல் இப்போது குப்பையில்.

பழைய ரெகுலேட்டரில் காற்றொழுகல் இருக்கிறதா என்று பார்க்க சிலிண்டர்கூடத் தேவையில்லை. பித்தளை உருண்டையின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மவுத்பீஸில் மெல்ல உறிஞ்ச வேண்டும். உள்ளே எங்கும் ஓட்டை இல்லையென்றால் காற்றே வராது, நாக்கும் உதடும் ரப்பரோடு ஒட்டிக்கொள்ளும். கறுப்பை உறிஞ்சினாள். வரவில்லை. நல்ல சாமான். மஞ்சளை வாயில் வைத்து உறிஞ்சினாள். புது ரப்பரின் சப்பென்ற ருசி, அதற்கடியில் துருவும் உப்பும் கலந்த ஏதோ ஒன்று. காற்று வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

நாக்கு விடுபடவில்லை.

அவள் நிறுத்தியபிறகும் கன்னம் இரண்டும் உள்ளே ஒடுங்கின, தொண்டையிலிருந்த காற்று அவள் விடாமலேயே எழும்பி, பல்லிடுக்கு வழியே, மிக மெதுவாக, மறுபக்கத்திலிருந்து யாரோ சுவைத்துக் குடிப்பதுபோல, வெளியே போய்க்கொண்டிருந்தது.

பிடுங்கி எறிந்தாள்.

“என்னாச்சு?” என்றாள் தங்கை, கட்டிலிலிருந்து தலையைத் தூக்காமல்.

“ஒண்ணுமில்ல. உள்ள இருக்கற ரப்பர்த் தகடு திரும்பி வருது. அவ்வளவுதான்.”

மூடியைத் திறந்து பார்த்தாள். தகடு, லீவர், ஸ்பிரிங், எல்லாம் அதனதன் இடத்தில், துடைத்துவைத்ததுபோலச் சுத்தமாக. சந்தேகப்பட ஒன்றும் இல்லை. அதனால் இன்னும் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் தங்கை வேலைக்குப் போனபிறகு அம்மா போன் செய்தாள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிற அம்மாவுக்கு மகளின் வேலை என்னவென்று இன்றைக்கும் பிடிபடவில்லை. ‘தண்ணிக்குள்ள போய் என்னடி பண்ணுவ’ என்று ஆரம்பித்து, சாப்பிட்டாயா என்று கேட்டு, திடீரென்று பேச்சை நிறுத்தினாள்.

“யாருடி பக்கத்துல?”

“யாருமில்லம்மா.”

“பொய் சொல்லாத. மூச்சு எரைக்குது.”

“என் மூச்சுதாம்மா.”

“ரெண்டு பேரப் பெத்து, நாலு வீட்டுத் துணிமூட்டை சுமந்தவடி நான். பொம்பள மூச்சுக்கும் ஆம்பள மூச்சுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? யாருடி அவன்? ஒழுங்கா போனக் குடு அவங்கிட்ட!”

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். கீழே தெருவில் ஆட்டோ ஒன்று இருமிக்கொண்டு போனது. பக்கத்துப் போர்ஷனில் குக்கர் கூவி அடங்கியது. எல்லாம் அடங்கியபிறகு குளியலறையிலிருந்து அது வந்தது. ரெகுலேட்டரை நன்னீரில் அலசி, சன்னல் கம்பியில் காயப்போட்டிருந்தாள். மூச்சை வெளியே விடும்போது அதன் அடியில் இருக்கும் மெல்லிய ரப்பர் இதழ் திறந்து மூடும், அந்தச் சத்தம் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஈரமான உதடு பிரிவதுபோன்ற ஒரு சின்னச் சத்தம். பிறகு இடைவெளி. பிறகு மறுபடி. சிலிண்டர் கம்பெனியில் இருந்தது. இங்கே மாட்ட ஒன்றும் இல்லை. குழாயின் மறுமுனையில் பித்தளை உருண்டை வெறும் காற்றில் தொங்கியது.

காற்றுதான், என்று சொல்லிக்கொண்டாள். சன்னல் திறந்திருக்கிறது.

சன்னல் மூடியிருந்தது.

சாயங்காலம் தங்கை வந்ததும் அவள் மஞ்சளை எடுத்து நீட்டினாள். குரலை அடக்கித்தான் கேட்டாள்.

“நீ கடிச்சியா இத?”

“எனக்கென்ன பைத்தியமா?” என்று வாங்கி விளக்கில் காட்டிப் பார்த்தாள். நேற்று மாட்டிய புது ரப்பர். அதில் மேலும் கீழும் பதிந்து, பதிந்த இடத்திலேயே மறுபடி பதிந்து.

“சொல்லு. இந்த ரூம்ல நாம ரெண்டு பேர்தான் இருக்கோம்.”

“அக்கா,” என்றாள் தங்கை. மஞ்சளை மேசையில் வைத்தபிறகும் அவள் கை நீட்டியபடியே இருந்தது. “அதே வாய்.”

மாஸ்டருக்குப் போன் செய்தார்கள். நெடுநேரம் மணியடித்தபின் அந்தப் பெண்குரல் எடுத்தது. அவள் ஒரு சொல் பேசுவதற்குள், “ராங் நம்பர்” என்று வைத்துவிட்டது.

“தூக்கிப் போடு. வேற வாங்கிக்கலாம்.”

“எதுல வாங்குறது? உன் சம்பளத்துலயா, என் பட்டத்துலயா?” கத்தினாள். கத்திய பிறகு குளியலறைப் பக்கம் காது கொடுத்தாள். “திங்கக்கிழமை போகலன்னா அந்த வேலை என்கூடத் தேர்வுக்கு வர்ற அந்த ஜிம்பாடிக்குப் போயிடும். ஒரு துண்டு ரப்பருக்குப் பயந்து மறுபடி ஜெராக்ஸ் கடைக்குப் போகச் சொல்றியா?”

தங்கை அன்று தோழி வீட்டில் தூங்கப் போய்விட்டாள்.

*

சாமான் ரிப்பேர் செய்கிற மெக்கானிக்குக்கு ஒரு தகரக் கூரைக் கடையும், பின்னால் பழைய சிலிண்டர்களைச் சோதிக்க ஒரு சிமெண்டுத் தொட்டியும் இருந்தன. தொட்டி இரண்டாள் ஆழம். சிலிண்டரில் மாட்டி அளவுகளைப் பார்த்துவிட்டு, “தங்கம் மாதிரி இருக்கு தங்கச்சி. எவன் ஏமாந்தான்?” என்றார்.

“ஏமாந்தது நானான்னுதான் பாக்க வந்திருக்கேன்ணே.”

“அப்ப எறங்கிப் பாத்துடு.”

இறங்கினாள். தொட்டியின் அடியில் பாசிபடிந்த தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை மெதுவாக்கினாள். காற்றைச் சிக்கனமாகச் செலவழிப்பதில் அவளுக்கு நிகர் அவள் முக்குளிக்கக் கற்ற வகுப்பிலேயே இல்லை. திங்கட்கிழமையின் தேர்வே அதுதான்: ஒரே வேலை, ஒரே அளவு காற்று, மிச்சத்தோடு மேலே வருகிறவருக்கு இடம். சிறிது நேரம் கழித்து, சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் கேஜைப் பார்த்தாள். முள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. இறங்கவேண்டியதற்கு இரண்டு பங்கு இறங்கியிருந்தது. விரலால் தட்டினாள். முள் நடுங்கி, அங்கேயே நின்றது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். அவள் இழுக்காத அந்த நேரத்தில் முள் ஒரு மயிரிழை கீழே நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. அவள் காதருகே குமிழிகள் எதுவும் இல்லை. வலது விலாவோரமிருந்து ஒரு கொத்துக் குமிழி, உருண்டையாக, அவசரமில்லாமல், மேலே ஏறிப்போனது.

விலாப்பக்கம் பார்க்கவில்லை. மேலே வந்துவிட்டாள்.

“மஞ்சள் ஒழுகுது,” என்றார் மெக்கானிக், தொட்டி விளிம்பில் குந்தியபடி. தலையைச் சொறிந்தார். “ஒழுகுதுன்னும் சொல்ல முடியல. ஒழுகினா நிக்காம வரும். இது விட்டு விட்டு வருது.”

வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

“கழட்டிடுங்கண்ணே.”

“உபரி இல்லாமயா?”

“தனியாத்தான் எறங்குறேன். இடுப்புல கயிறு கட்டி மேலேர்ந்து ஒருத்தன் புடிச்சுக்குவான். யாருக்கு நீட்டப்போறேன் நான்?”

அவர் யோசித்துப் பார்த்து, அதுவும் சரிதான் என்று, ஸ்பேனரை எடுத்தார். மஞ்சள் குழாய் பித்தளை உருண்டையிலிருந்து திருகித் திருகிக் கழன்றது. குழாய் இருந்த ஓட்டையில் ஒரு அடைப்புத் திருகாணியைப் போட்டு இறுக்கினார். கழன்றதைக் கடைச்சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். அவள் மறுபடி தொட்டியில் இறங்கினாள். முள் அவளுடைய மூச்சுக்கு மட்டும் இறங்கியது, சிக்கனமாக, பிசிறில்லாமல்.

வீட்டுக்கு வந்து கறுப்பைச் சன்னல் கம்பியில் தொங்கவிட்டுக் காத்திருந்தாள். குளியலறை ஊமையாக இருந்தது. தங்கைக்குப் போன் செய்து, “வாடி பயந்தாங்கொள்ளி, பேயைப் பிளக் போட்டு அடைச்சாச்சு” என்றாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

*

துறைமுகத்தில் வெயில் தகரத்தை உரித்துக்கொண்டிருந்தது. ஜிம்பாடி முதலில் இறங்கி ஏறிவிட்டான். புது சாமான், புது உடை, அதற்கேற்ற வாய். “பாட்டியோட சாமானா மேடம்?” என்றான் அவள் ரெகுலேட்டரைப் பார்த்து.

“இல்ல. உன்னோடத வாங்கலாம்னு பாத்தேன், ஆளோட சேர்த்துத்தான் குடுப்பேன்னாங்க. வேணாம்னுட்டேன்.”

கயிறு பிடிக்கிறவர் சிரித்துவிட்டு, வாயிலிருந்த மிட்டாயைக் கன்னத்துக்கு மாற்றினார். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. “அவன் நல்ல மிச்சத்தோடதான் வந்திருக்கான். தூணைத் தடவிக்கிட்டே அடிவரைக்கும் போ. தூணு துருப்பிடிக்காம இருக்க அடியில துத்தநாகக் கட்டி கட்டியிருக்கும், எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு கையால பாத்துச் சொல்லணும். மேலேர்ந்து ஒரு இழுப்பு இழுத்தா ‘நல்லா இருக்கியா’ன்னு அர்த்தம். நல்லா இருந்தா நீ ஒரு இழுப்பு. தூக்கணும்னா நாலு. புரிஞ்சுதா?”

புரிந்தது. இறங்கினாள்.

மேலே உச்சிவெயில் காய்ந்துகொண்டிருக்க, இரண்டாள் ஆழத்துக்குக் கீழே வெளிச்சம் முதலில் பச்சையாகி, பிறகு தேயிலைச் சாயமாகி, பிறகு ஒன்றுமே இல்லாமல் போனது. தலைவிளக்கு ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்புப் புகையைக் காட்டியது, அதற்கப்பால் சுவர். தூணில் ஒட்டியிருந்த சிப்பிகள் கையுறையைப் பிறாண்டின. தூரத்தில் ஏதோ கப்பலின் எந்திரம் மார்புக்கூட்டுக்குள் துடித்தது. அவள் மூச்சை நூல்போல இழுத்து, நூல்போல விட்டாள். அடியில் காலை ஊன்றி, சேறு கலங்கி அடங்கக் காத்து, துத்தநாகக் கட்டியைத் தடவிப்பிடித்தாள். பாதி தேய்ந்திருந்தது. அடுத்ததும். கேஜை முகமூடிக்கு ஒட்டிவைத்துப் பார்த்தாள். முள் அசைந்ததாகவே தெரியவில்லை. ஜிம்பாடி போகட்டும், இந்தத் துறைமுகத்தில் ஒருவனும் இந்த மிச்சத்தோடு மேலே வந்திருக்க மாட்டான். வேலை அவளுக்குத்தான். அம்மாவுக்கு முதலில் போன் செய்ய வேண்டும்.

வலது விலாவில் ஏதோ பட்டது.

மீன். துறைமுக மீன்கள் கொழுத்தவை, பயமில்லாதவை.

மறுபடி பட்டது. தட்டிப்பார்ப்பதுபோல, தெரிந்த அறையில் இருட்டில் சுவிட்சைத் தேடுகிற கைபோல, விலாவில் ஆரம்பித்து, வார்ப்பட்டையைத் தொட்டு, கீழே போய், அங்கேயும் இல்லாமல், மேலே வந்தது. அக்குளுக்கு அடியில். தோளில். பிடரிக்குப் பின்னால், பித்தளை உருண்டையில், திருகாணி இருந்த இடத்தில் வந்து நின்றது.

அங்கேயே இருந்தது.

நகம் உலோகத்தைச் சுரண்டுவது மண்டையோட்டுக்குள் கேட்டது.

அவள் அசையவில்லை. மூச்சை விட்டாள். குமிழிகள் மேலே போயின. அவளுடையவை மட்டும். பின்னால் குமிழி இல்லை. பின்னால் ஒரு சத்தம் மட்டும். காலியான எதையோ உறிஞ்சும் சத்தம். வறண்டது. திரும்பத் திரும்ப.

விளக்கு வெளிச்சத்துக்குள், வலது தோளுக்கு மேலாக, ஒரு கை வந்தது.

கையுறை இல்லை. நாள்கணக்கில் ஊறிய வெள்ளைத் தோல், விரல்நுனியில் சுருங்கி உரியத் தொடங்கியிருந்தது. அது அவளைத் தொடவில்லை. முகமூடிக்கு நேராக விரித்து, கிடையாகப் பிடித்து, இடமிருந்து வலமாக, கழுத்தை அறுப்பதுபோல ஒருமுறை அசைந்தது.

முக்குளிக்கப் படிக்கும் முதல் நாளே சொல்லித்தரும் சைகை. யார் காட்டினாலும் யோசிக்காதே, நீட்டு என்பார்கள்.

எனக்குக் காற்று இல்லை.

நீட்ட எதுவும் இல்லை.

கை மறுபடி காட்டியது. பொறுமையாக. புரியாத பிள்ளைக்குக் காட்டுவதுபோல.

அவள் பற்களை இறுக்கினாள். தலையை ஆட்டினாள். மாட்டேன். என்னுடையது. இது ஒன்றுதான். மாட்டேன்.

கை போய்விட்டது.

இருட்டு. சேறு. கப்பல் எந்திரம்.

இடுப்பில் கயிறு இழுபட்டது. மேலிருந்து. ஒருமுறை. நல்லா இருக்கியா?

நாலு. நாலு இழுப்பு. அவள் கையைக் கீழே இறக்கினாள். சேற்றில் துழாவினாள். கயிறு. பிடித்தாள்.

கயிற்றின்மேல் ஏற்கனவே விரல்கள் இருந்தன.

அவள் இழுத்தாள். கயிறு நகரவில்லை. பிடி இரும்புபோல. அவள் பலம் முழுக்க இழுத்தும் அசையாத கயிற்றை அந்த விரல்கள் தாமே ஒருமுறை இழுத்தன. ஒரே ஒருமுறை. நிதானமாக. நன்றாகப் பழகிய கை.

நல்லா இருக்கேன்.

மேலே கயிறு தளர்ந்தது.

பிறகு விரல்கள் கயிற்றை விட்டு மேலே வந்தன. வயிறு. மார்பு. கழுத்து. தாடை. குளிர்ந்த நுனிகள் அவள் உதட்டைத் தொட்டு, உதட்டுக்கும் ரப்பருக்கும் நடுவே, ஒவ்வொன்றாக, இடம் தேடி உள்ளே நுழைந்தன.